பங்குடைமை அமைப்பு (இந்திய நிறுமங்கள்)

பங்குடைமை அமைப்பு என்பது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுமத்தின் மொத்தப் பங்குகளை யார் யார், எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பகுப்பு ஆகும். இந்தியாவில் ஒவ்வொரு பட்டியலிட்ட நிறுமமும் இந்த விவரத்தைக் காலாண்டுதோறும் பங்குச் சந்தைகளுக்கு அளிக்க வேண்டும். நிறுமத்தைத் தொடங்கியவர்களும் அதை நடத்துபவர்களும் வைத்திருக்கும் பங்குகள், காப்பீட்டுக் கழகங்கள், பரஸ்பர நிதிகள் முதலிய நிறுவன முதலீட்டாளர்கள் வைத்திருக்கும் பங்குகள், பொதுமக்கள் வைத்திருக்கும் பங்குகள் என இது பிரித்துக் காட்டப்படுகிறது.

ஒரு நிறுமத்தின் இலாபத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் இவ்விவரம் கூறுவதில்லை. பொதுக்கூட்டத்தில் யாருடைய சொல் எடுபடும், நிறுமத்தை வேறொருவர் வாங்க முடியுமா, நெருக்கடி வந்தால் யாருடைய பணம் முதலில் போகும் என்பவற்றையும் இதிலிருந்து ஓரளவு அறியலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, லட்சுமி விலாஸ் வங்கி, இந்தியா சிமெண்ட்ஸ் ஆகியவற்றின் வரலாறுகள் இதற்கு எடுத்துக்காட்டுகள். தேனி மாவட்டத்தில் வைகை அணைக்கு அருகே இயங்கி வந்துள்ள சர்க்கரை ஆலை, பட்டியலிட்ட நிறுமம் ஒன்றுக்கு உரியதாகும்.

பங்குதாரர் வகைகள்

தோற்றுவிப்பாளர்கள்

நாளிதழ்கள் புரொமோட்டர் என்று எழுதும் தோற்றுவிப்பாளர், நிறுமத்தைத் தொடங்கியவராகவோ அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவராகவோ இருப்பார். அவருடைய நெருங்கிய உறவினர்களும், அவர்கள் நடத்தும் பிற நிறுமங்களும், அறக்கட்டளைகளும் சேர்ந்து தோற்றுவிப்பாளர் குழு எனப்படுகின்றன. இக்குழுவின் பங்குகள் அனைத்தும் ஒன்றாகவே கணக்கிடப்படும். ஒருவர் இப்பிரிவிலிருந்து விலகிப் பொதுப் பங்குதாரராக மாற விரும்பினால், அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் 10 விழுக்காட்டுக்கு மேல் வாக்குரிமை இருத்தல் கூடாது. நிறுமத்தின் கட்டுப்பாடும் அவர்களிடம் இருத்தல் கூடாது.

நிறுவன முதலீட்டாளர்கள்

பிறரிடமிருந்து திரட்டிய பணத்தைப் பங்குகளில் இடும் அமைப்புகள் நிறுவன முதலீட்டாளர்கள் எனப்படும். இவை இரு வகைப்படும்.

* உள்நாட்டு நிறுவனங்கள்: பரஸ்பர நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள், ஓய்வூதிய நிதிகள். 1956 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகமும், 1964 இல் செயல்படத் தொடங்கிய யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் நெடுங்காலம் இவ்வகையில் முதன்மை பெற்றிருந்தன. 1993 இல் தனியார் துறைக்கு அனுமதி கிடைத்தபோது முதலில் பதிவு பெற்ற தனியார் பரஸ்பர நிதி, சென்னையைச் சேர்ந்த கோத்தாரி பயனியர் ஆகும்.
* அயல்நாட்டு நிறுவனங்கள்: இவை 1992 செப்டம்பரில் இந்தியப் பங்குச் சந்தைக்குள் அனுமதிக்கப்பட்டன. 2014 முதல் இவை வெளிநாட்டு பங்கு முதலீட்டாளர்கள் என்ற பெயரில் வகைப்படுத்தப்படுகின்றன. ஒரு முதலீட்டாளர் இம்முறையில் ஒரு நிறுமத்தின் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருக்க முடியாது.

நீண்டகாலம் அயல்நாட்டு நிறுவனங்களே இந்தியப் பங்குகளில் பெரும் அளவை வைத்திருந்தன. மாதத் தவணையில் பரஸ்பர நிதிகளில் சேமிக்கும் பழக்கம் பரவியதன் பின்னர் நிலை மாறியது. 2025 மார்ச் காலாண்டில் உள்நாட்டு நிறுவனங்களின் மொத்தப் பங்குடைமை அயல்நாட்டு நிறுவனங்களுடையதை முந்தியது.

பொதுப் பங்குதாரர்கள்

தோற்றுவிப்பாளர் அல்லாத அனைவரும் சட்டப்படி பொதுப் பங்குதாரர்களே. எனவே நிறுவன முதலீட்டாளர்களும் இப்பிரிவிலேயே அடங்குவர். தனிநபர்கள், அவர்கள் வைத்துள்ள பங்குகளின் முகமதிப்பு 2 இலட்சம் ரூபாய் வரை உள்ளவர்கள், அதற்கு மேல் உள்ளவர்கள் என இரண்டாகப் பிரித்துக் காட்டப்படுகின்றனர். சந்தை மதிப்பு இங்கே கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஊழியர் நல அறக்கட்டளைகள் போன்றவை தோற்றுவிப்பாளரும் அல்லாத, பொதுமக்களும் அல்லாத மூன்றாம் பிரிவில் வைக்கப்படுகின்றன.

உள்ளாட்கள்

உள்ளாள் என்பது பங்குடைமை அட்டவணையில் தனிப் பிரிவாக இடம்பெறுவதில்லை. நிறுமத்தோடு தொடர்புடையவராகவோ, வெளியிடப்படாத விலையுணர்வுத் தகவலை அறிந்தவராகவோ உள்ள எவரும் உள்ளாள் ஆவார். இயக்குநர், நிதி அலுவலர், தணிக்கையாளர், இணைப்புப் பேச்சில் ஈடுபட்ட வழக்கறிஞர் ஆகியோர் இதில் அடங்குவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ளாட்கள் என்பதன் கீழ் இயக்குநர்களும் உயர் அலுவலர்களும் 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்போரும் பட்டியலிடப்படுகின்றனர். தோற்றுவிப்பாளர் என்ற வகை அங்கு இல்லை. எனவே அந்நாட்டுக் கணக்கில் உள்ளாட்கள் பங்குடைமை என்று தரப்படுவதும், இந்தியாவில் தோற்றுவிப்பாளர் பங்குடைமை என்று தரப்படுவதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டிற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1932 ஆம் ஆண்டு அடால்ஃப் பெர்லி, கார்டினர் மீன்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட நூல், அமெரிக்கப் பெருநிறுமங்களில் உடைமை பலரிடம் சிதறிக் கிடப்பதையும், கட்டுப்பாடு பங்குகளே அதிகம் இல்லாத மேலாளர்களிடம் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. இந்தியாவில் பெரும்பாலான தனியார் நிறுமங்களில் உடைமையும் கட்டுப்பாடும் ஒரு குடும்பத்திடமே உள்ளன. ஆகவே அங்கே மேலாளருக்கும் பங்குதாரருக்கும் இடையே எழும் பூசல், இங்கே பெரும்பான்மைக் குடும்பத்திற்கும் சிறுபான்மைப் பங்குதாரருக்கும் இடையே எழுகிறது.

சட்ட விதிகள்

வெளிப்படுத்தல்

இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம் (செபி) 1988 இல் அமைக்கப்பட்டு, 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதிகாரம் பெற்றது. செபியின் 2015 ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிகளின்படி, ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாட்களுக்குள் பங்குடைமை அமைப்பை நிறுமங்கள் அளிக்க வேண்டும். தோற்றுவிப்பாளர் குழுவினர் அனைவரின் பெயர்களும், 1 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர்களின் பெயர்களும் அதில் இடம்பெறும். மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் இவ்விவரங்களை எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

குறைந்தபட்சப் பொதுப் பங்குடைமை

2010 சூன் மாதம் திருத்தப்பட்ட பத்திர ஒப்பந்த விதிகளின்படி, பட்டியலிட்ட நிறுமத்தில் குறைந்தது 25 விழுக்காடு பங்குகள் பொதுமக்களிடம் இருக்க வேண்டும். அதாவது தோற்றுவிப்பாளர்கள் 75 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தனியார் நிறுமங்களுக்கு 2013 சூன் வரை அவகாசம் தரப்பட்டது. அரசுத்துறை நிறுமங்களுக்குக் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. புதிதாகப் பட்டியலிடப்படும் மிகப் பெரிய நிறுமங்களுக்கும் கூடுதல் காலம் உண்டு.

கையகப்படுத்தல்

செபியின் 2011 ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் விதிகளில் மூன்று எல்லைகள் முக்கியமானவை.

* ஒருவரும் அவரோடு சேர்ந்து செயல்படுவோரும் 5 விழுக்காட்டை எட்டியதும் அதைச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். அதன் பின்னர் நிகழும் ஒவ்வொரு 2 விழுக்காட்டு மாற்றத்தையும் அறிவிக்க வேண்டும்.
* 25 விழுக்காட்டை எட்டினால், மற்றப் பங்குதாரர்களிடமிருந்து மேலும் குறைந்தது 26 விழுக்காட்டை வாங்க முன்வர வேண்டும். இது ஓப்பன் ஆஃபர் எனப்படுகிறது.
* 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் ஒரு நிதியாண்டில் 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினாலும் ஓப்பன் ஆஃபர் தர வேண்டும்.

1997 ஆம் ஆண்டின் பழைய விதிகளில் இவ்வெல்லை 15 விழுக்காடாகவும், வாங்க முன்வர வேண்டிய அளவு 20 விழுக்காடாகவும் இருந்தன. கட்டுப்பாடு கைமாறும்போது பெரும்பங்குதாரருக்குக் கிடைக்கும் நல்ல விலை சிறுபங்குதாரருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

வாக்குரிமை

2013 ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின்படி சாதாரணத் தீர்மானத்திற்குப் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேலும், சிறப்புத் தீர்மானத்திற்கு எதிர்வாக்குகளைப் போல் மூன்று மடங்கும் ஆதரவு தேவை. எனவே 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் சிறப்புத் தீர்மானத்தைத் தடுத்துவிட முடியும். தோற்றுவிப்பாளர் தம் சொந்த நிறுமத்தோடு செய்யும் சில வகைப் பரிமாற்றங்களில் அவர்கள் வாக்களிக்க இயலாது. அங்கே பொதுப் பங்குதாரர்களின் வாக்கே முடிவு செய்கிறது. முகமதிப்பில் 20,000 ரூபாய்க்கு மேற்படாத பங்குகளை வைத்திருப்போர், தமக்கென ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

வங்கிகளுக்குத் தனி விதிகள் உள்ளன. ஒரு தனியார் வங்கியில் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் ஒப்புதல் வேண்டும். ஒருவர் எவ்வளவு பங்குகள் வைத்திருந்தாலும் அவருடைய வாக்குரிமை 26 விழுக்காட்டைத் தாண்டாது.

உள்வணிகத் தடை

வெளியிடப்படாத தகவலை வைத்துக்கொண்டு பங்கு வாங்குவதும் விற்பதும் உள்வணிகம் எனப்படும். 1992 இல் வகுக்கப்பட்ட விதிகள் 2015 இல் மாற்றி அமைக்கப்பட்டன. இவற்றின்படி காலாண்டு முடிந்தது முதல் நிதிநிலை முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை உள்ளாட்களுக்கு வணிகச் சாளரம் மூடப்பட்டிருக்கும். ஒரு காலாண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத்தை அவர்கள் இரு வணிக நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விதியை மீறினால் 25 கோடி ரூபாய் அல்லது ஈட்டிய இலாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை தண்டம் விதிக்கலாம்.

இத்துறையில் முதல் பெரிய வழக்கு இந்துஸ்தான் லீவர் தொடர்பானது. அந்நிறுமம் 1996 மார்ச்சில் புரூக் பாண்ட் லிப்டன் இந்தியா நிறுமத்தின் 8 இலட்சம் பங்குகளை யூனிட் டிரஸ்டிடமிருந்து வாங்கியது. அடுத்த மாதம் இரு நிறுமங்களின் இணைப்பு அறிவிக்கப்பட்டது. இணைப்பை முன்னரே அறிந்த நிலையில் வாங்கியதால் இது உள்வணிகம் என்று 1998 இல் செபி தீர்ப்பளித்து, யூனிட் டிரஸ்டுக்கு இழப்பீடு தரும்படி ஆணையிட்டது. இணைப்புச் செய்தி ஏற்கனவே நாளிதழ்களில் வந்துவிட்டது என்று கூறி மேல்முறையீட்டு அதிகாரம் அதே ஆண்டு அவ்வாணையை நீக்கியது. நாளிதழ்களின் ஊகச் செய்தி வெளியிடப்பட்ட தகவல் ஆகாது என்பதை 2002 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. உள்ளாளிடம் ஏமாறுபவர் சிறு முதலீட்டாளர் மட்டுமல்லர், நாட்டின் மிகப் பெரிய நிறுவன முதலீட்டாளரும் அவ்விடத்தில் இருக்க நேரலாம் என்பதை இவ்வழக்கு காட்டியது.

அட்டவணையைப் படிக்கும் முறை

கீழ்வருவது 1 கோடி பங்குகள் கொண்ட ஒரு கற்பனை நிறுமத்தின் பங்குடைமை அமைப்பாகும்.

* தோற்றுவிப்பாளர் குழு: 54 இலட்சம் (54%); இதில் அடகு வைக்கப்பட்டவை 27 இலட்சம்
* பரஸ்பர நிதிகள்: 9 இலட்சம் (9%)
* காப்பீட்டு நிறுவனங்கள்: 6 இலட்சம் (6%)
* அயல்நாட்டு நிறுவனங்கள்: 8 இலட்சம் (8%)
* சிறு தனிநபர்கள்: 14 இலட்சம் (14%)
* பெரு தனிநபர்கள்: 5 இலட்சம் (5%)
* பிற நிறுமங்களும் மற்றவையும்: 4 இலட்சம் (4%)

இங்கே தோற்றுவிப்பாளர் குழு சாதாரணத் தீர்மானத்தைத் தனியாகவே நிறைவேற்றலாம். சிறப்புத் தீர்மானத்தில் நிலை வேறு. சிறு பங்குதாரர்கள் பலர் வாக்களிக்காமல், 80 இலட்சம் வாக்குகளே பதிவாகின்றன எனக் கொள்வோம். அப்போது 60 இலட்சம் வாக்குகள் தேவை. தோற்றுவிப்பாளரிடம் இருப்பது 54 இலட்சம். 23 இலட்சம் வைத்துள்ள நிறுவன முதலீட்டாளர்கள் சேர்ந்து எதிர்த்தால் தீர்மானம் தோற்கும். எனவே கால் பங்குக்குக் குறைவாக வைத்திருந்தும் அவர்கள் முடிவைத் தீர்மானிக்கிறார்கள்.

அடுத்துக் காண வேண்டியது அடகு. தோற்றுவிப்பாளரின் பங்குகளில் பாதி கடனுக்கு ஈடாக உள்ளது. பங்கின் விலை சரிந்து கடன் கொடுத்தவர் அவற்றை விற்றால், தோற்றுவிப்பாளரின் பங்கு ஒரே நாளில் 27 விழுக்காடாகக் குறையலாம். அவ்விற்பனையே விலையை மேலும் சரிக்கும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் முறைகேடு 2009 சனவரியில் வெளிப்பட்டபோது, தோற்றுவிப்பாளரின் பங்குகள் அடகின் வழியாகக் கைவிட்டுப் போயிருந்தது பொதுமக்களுக்கு முன்னரே தெரிந்திருக்கவில்லை. அம்மாதமே தோற்றுவிப்பாளரின் அடகு விவரங்களை வெளியிடுவதைச் செபி கட்டாயமாக்கியது.

மூன்றாவது, பங்குகள் நேரடியாக வைக்கப்பட்டுள்ளனவா அல்லது இடைநிறுமங்கள் வழியாகவா என்பது. ஒரு குடும்பம் ஓர் இடைநிறுமத்தில் 60 விழுக்காடும், அந்த இடைநிறுமம் பட்டியலிட்ட நிறுமத்தில் 40 விழுக்காடும் வைத்திருந்தால், இலாபத்தில் குடும்பத்தின் பங்கு 24 விழுக்காடு மட்டுமே. ஆனால் பொதுக்கூட்டத்தில் 40 விழுக்காடும் அக்குடும்பத்தின் சொற்படி வாக்களிக்கும்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி

1921 இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கப்பட்ட இவ்வங்கி 1962 இல் இப்பெயரைப் பெற்றது. தேனி உட்படத் தென்மாவட்ட வணிக ஊர்களில் இதற்குக் கிளைகள் உள்ளன. பல ஆயிரம் வணிகக் குடும்பங்களிடம் சிதறியிருந்த இதன் பங்குகளில் பெரும்பகுதியை 1990களில் மும்பையின் எஸ்ஸார் குழுமம் வாங்கியது. பின்னர் அப்பங்குகள் தொழிலதிபர் சி. சிவசங்கரனின் தரப்புக்குச் சென்றன. வங்கி தம் கையை விட்டுப் போகிறது என்று சமூகத்தினர் போராட்டங்கள் நடத்தினர். பங்கு மாற்றத்தைப் பதிவு செய்ய ஒப்புதல் கிடைக்காத நிலையில், ஒரு பகுதிப் பங்குகளைச் சமூகத்தினர் பணம் திரட்டித் திரும்ப வாங்கினர். எஞ்சியவற்றில் ஒரு பகுதி 2007 இல் அயல்நாட்டு முதலீட்டாளர்களிடம் சென்றது. அம்மாற்றம் அமலாக்க இயக்குநரகத்தின் நடவடிக்கைகளுக்கும் நீண்ட வழக்குகளுக்கும் உள்ளானது.

2022 செப்டம்பரில் வங்கி தன் முதல் பொதுப் பங்கு வெளியீட்டை நடத்தியது. ஒன்று 510 ரூபாய் வீதம் 1 கோடியே 58 இலட்சத்து 40 ஆயிரம் புதிய பங்குகள் வெளியிடப்பட்டு, ஏறத்தாழ 808 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. செப்டம்பர் 15 அன்று பங்குகள் பட்டியலிடப்பட்டன. அடையாளம் காணத்தக்க தோற்றுவிப்பாளர் எவரும் இல்லாத வங்கியாக இது பட்டியலிடப்பட்டது குறிப்பிடத்தக்கது.

லட்சுமி விலாஸ் வங்கி

1926 இல் கரூர் வணிகர்களால் தொடங்கப்பட்ட இவ்வங்கியில், இறுதி ஆண்டுகளில் தோற்றுவிப்பாளர்களின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. வாராக்கடன் பெருகியதால் முதல் திரட்ட முயன்று, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் நிறுமத்தோடு இணையத் திட்டமிட்டது. 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதற்கு ஒப்புதல் மறுத்தது. 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் மேலாண்மை இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்துத் தோற்கடித்தனர்.

ஆனால் அவ்வெற்றி இரண்டு மாதங்களே நீடித்தது. 2020 நவம்பர் 17 அன்று வங்கி முடக்கப்பட்டது. வைப்பாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. நவம்பர் 27 அன்று அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்புத் தொகைகள் காப்பாற்றப்பட்டன. பங்கு முதல் முழுவதும் அழிக்கப்பட்டதால் பங்குதாரர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கரூரிலும் சுற்றுப்புறங்களிலும் தலைமுறைகளாக அப்பங்குகளைச் சேமிப்பாக வைத்திருந்த குடும்பங்களும் இதில் அடங்கும். வாக்குரிமை முழுதாக இருந்தும், முதல் இழப்பைத் தாங்குபவர் பங்குதாரரே என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியா சிமெண்ட்ஸ்

1946 இல் தொடங்கப்பட்டு, திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் முதல் ஆலையை அமைத்த இந்நிறுமத்தில் என். சீனிவாசன் குடும்பத்தினர் தோற்றுவிப்பாளராக இருந்தனர். 2024 சூனில் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுமம் இதில் ஏறத்தாழ 23 விழுக்காடு பங்குகளை வாங்கியது. இது ஓப்பன் ஆஃபர் தர வேண்டிய 25 விழுக்காட்டு எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பதைக் காணலாம். ஒரு மாதத்திற்குப் பின்னர் தோற்றுவிப்பாளர்களிடமிருந்தும் அவர்களைச் சார்ந்தோரிடமிருந்தும் 32.72 விழுக்காட்டை ஒன்று 390 ரூபாய் வீதம் வாங்க ஒப்பந்தம் செய்தது. எல்லை தாண்டப்பட்டதால் மற்றப் பங்குதாரர்களிடமிருந்து 26 விழுக்காட்டை அதே விலையில் வாங்க முன்வந்தது. 2024 டிசம்பரில் கட்டுப்பாடு முழுமையாகக் கைமாறியது.

முருகப்பா குழுமம்

இக்குழுமத்தின் பட்டியலிட்ட நிறுமங்களில் தோற்றுவிப்பாளர் பங்குகளில் கணிசமான அளவு அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பட்டியலிடப்படாத குடும்ப நிறுமத்தின் வழியாக வைக்கப்பட்டுள்ளது. மறைந்த எம். வி. முருகப்பனின் மனைவியும் இரு மகள்களும் இதில் 8.15 விழுக்காடு வைத்திருந்தனர். மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 91 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் அதற்கு எதிராகப் பதிவாயின. 2023 ஆகஸ்டில் குடும்பத்தினரிடையே உடன்பாடு ஏற்பட்டது. பட்டியலிட்ட நிறுமங்களின் அட்டவணையில் ஒற்றைப் பெயராகத் தெரியும் தோற்றுவிப்பாளர் குழுவுக்குள்ளும் சிறுபான்மையினர் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களும், போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகமும், தேனிச் சந்தையின் மொத்தக் கடைகளும் பெரும்பாலும் குடும்ப உடைமைகளாகவோ கூட்டு வணிகங்களாகவோ நடத்தப்படுகின்றன. பட்டியலிட்ட நிறுமம் என்ற வடிவம் இங்கு அரிது. எனினும் இம்மாவட்டத்திலும் இதன் அண்டைப் பகுதிகளிலும் மூன்று வேறுபட்ட உடைமை வடிவங்களை ஒப்பிட்டுக் காண முடிகிறது.

* பட்டியலிட்ட நிறுமம்: வைகை அணைக்கு அருகே வரதராஜ் நகரில் அமைந்த சர்க்கரை ஆலை, கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுமத்துக்கு உரியது. 1985 இல் பதிவு செய்யப்பட்ட இந்நிறுமத்தின் தோற்றுவிப்பாளர் தரப்புக்கு ராஜ்ஸ்ரீ பதி தலைமை தாங்கி வந்துள்ளார். விழுப்புரம் மாவட்டத்தின் முண்டியம்பாக்கத்திலும், செஞ்சியை அடுத்த செம்மேட்டிலும் இதற்கு ஆலைகள் உண்டு.
* கூட்டுறவு ஆலை: அண்டையிலுள்ள மதுரை மாவட்டத்தின் அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்பு விவசாயிகளே உறுப்பினர்கள். கூட்டுறவு முறையில் பங்குகள் எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கே உண்டு. பங்குகளைச் சந்தையில் விற்க இயலாது.
* ஊழியர் உடைமை: போடிமெட்டைக் கடந்து சென்றால் வரும் மூணாறில், டாட்டா டீ நிறுமம் தன் தேயிலைத் தோட்டங்களை 2005 இல் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுமத்திடம் ஒப்படைத்தது. இதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடம் உள்ளன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பட்டியலிட்ட ஆலைக்குக் கரும்பு தரும் விவசாயி அந்நிறுமத்தின் உடைமையாளர் அல்லர், அதற்குக் கடன் கொடுத்தவர் போன்றவர். 1966 ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு வழங்கிய 14 நாட்களுக்குள் அவருக்கு விலை தரப்பட வேண்டும். ஆலையின் நன்மை தீமைகளால் முதலில் தொடப்படுபவர் அவரே ஆயினும், பங்குடைமை அட்டவணையில் அவருக்கு வரிசை இல்லை. அதுபோலவே நிறுமம் ஏற்றுக்கொள்ளும் நிதி இடர்களும் அதில் தெரிவதில்லை. ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் 2007 இல் ஆக்சிஸ் வங்கியுடன் செய்துகொண்ட அயல்நாணய வழிப்பொருள் ஒப்பந்தம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வொப்பந்தம் பந்தயத்திற்கு ஒப்பானது, ஆகவே செல்லாது என்ற நிறுமத்தின் வாதத்தை 2008 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. இத்தகைய ஒப்பந்தங்கள் குறித்த வழக்குகளில் இத்தீர்ப்பு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

மூணாற்றில் பங்குடைமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. போனசு 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, பெண் தொழிலாளர்கள் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்துப் போராடினர். ஒன்பது நாட்களில் நிறுமம் இறங்கி வந்து, போனசும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு தர இசைந்தது. தாளில் அவர்களுள் பலர் அந்நிறுமத்தின் பங்குதாரர்கள். ஆயினும் கோரிக்கையை அவர்கள் வென்றது பொதுக்கூட்ட வாக்கினால் அன்று, சாலை மறியலினால்.

வரம்புகளும் விமர்சனங்களும்

பங்குடைமை அமைப்பு காலாண்டின் இறுதி நாள் நிலையை மட்டும் காட்டுகிறது. இடைப்பட்ட நாட்களில் வாங்கி விற்றவை அதில் தெரியா. 1 விழுக்காட்டுக்குக் கீழே பல பெயர்களில் பிரித்து வைத்தால் உண்மையான உடைமையாளரைக் கண்டறிவது கடினம். இதற்காகவே 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பயன் பெறும் இறுதி உடைமையாளரைத் தெரிவிக்க வேண்டும் என்று நிறுமச் சட்டம் விதிக்கிறது.

தோற்றுவிப்பாளர் பங்கு அதிகமாக இருப்பது நல்லது என்ற கருத்து முதலீட்டாளர்களிடையே பரவலாக உண்டு. தம் சொந்தப் பணம் கிடப்பதால் அவர்கள் பொறுப்புடன் நடப்பர் என்பது அதன் அடிப்படை. பங்கு அதிகமாகும்போது அவர்களைக் கேள்வி கேட்கும் ஆற்றல் மற்றவர்களுக்குக் குறைந்துபோகிறது என்பது மறுதரப்பு வாதம். நிறுவன முதலீட்டாளர்கள் நெடுங்காலம் நிர்வாகத்தை எதிர்த்து வாக்களிக்காமல், பிடிக்காவிட்டால் விற்றுவிட்டுச் செல்வதையே வழக்கமாகக் கொண்டிருந்தனர் என்ற குறையும் கூறப்பட்டது. பரஸ்பர நிதிகள் தாம் வாக்களித்த விதத்தை வெளியிட வேண்டும் என்ற விதி 2010 இல் வந்தது. 2022 ஏப்ரல் முதல் அனைத்துத் தீர்மானங்களிலும் அவை வாக்களிப்பது கட்டாயமாகியது.

இவற்றையும் பார்க்க

* பங்குச் சந்தை
* செபி
* உள்வணிகம்
* பரஸ்பர நிதி
* கூட்டுறவுச் சங்கம்
* தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி
* தேனி மாவட்டம்